மலைக்குச் சர்வே எண் தெரியாது

சற்று நீண்ட பதிவு. கட்டடப் பொறியியலும் நிலவியலும் பயிலும் மாணவர்களும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இறுதிவரை வாசிக்க வேண்டுகிறேன். மாறுபடுவோர் தரவுகளோடு மறுக்கலாம், வரவேற்கிறேன்.

2021 ஜூலை 18, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு கடந்து சற்று நேரம். செம்பூரில் வாஷி நாக்காவை அடுத்த பாரத் நகரில், மலைச்சரிவில் அடுக்கடுக்காக அமைந்த குடிசைகளின்மீது பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சுவர் மண்ணோடும் நீரோடும் சரிந்து விழுந்தது. உறக்கத்திலிருந்த 19 பேர் மாண்டனர். அதே இரவில் விக்ரோளி சூர்யா நகரிலும் சரிவிலிருந்த வீடுகள் விழுந்து மேலும் பலர் உயிரிழந்தனர்.

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஒரு விளக்கம். வாஷி வேறு, வாஷி நாக்கா வேறு. நான் வசிக்கும் வாஷி, தாணே கழிமுகத்துக்குக் கிழக்கே நவி மும்பையில் உள்ளது; சதுப்பையும் உப்பளத்தையும் மேடாக்கி எழுந்த சமதளம். வாஷி நாக்கா கழிமுகத்துக்கு மேற்கே, செம்பூரில், டிராம்பே குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. வாஷியில் ஓர் அடுக்ககம் கட்ட வேண்டுமெனில், அடியிலுள்ள குழைந்த கடற்களிமண்ணைத் துளைத்து ஆராயாமல் எந்தப் பொறியாளரும் கையெழுத்திட மாட்டார். அந்தக் களிமண்ணைப் பற்றி நம் துறை நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறது. வாஷி நாக்காவில் ஆபத்து காலடியில் இல்லை, தலைக்கு மேலே இருக்கிறது. அதை ஆராயும் கடமை எவருக்கும் வகுக்கப்படவில்லை. இந்தப் பதிவு அந்த வேறுபாட்டைப் பற்றியது.

ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் மூன்று விடைகள் ஆயத்தமாக வருகின்றன. 'வரலாறு காணாத மழை' என்பது முதலாவது. 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்பது இரண்டாவது. 'தாங்குசுவர் கட்டப்படும்' என்பது மூன்றாவது. இவற்றோடு நம் துறை தன் பங்குக்கு நான்காவது விடையொன்றை வைத்திருக்கிறது: 'மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறதே!' நான்கும் தவறு என்பதே என் வாதம். நான்காவது விடையின் பொறுப்பு நம்முடையது என்பதால் அதற்குக் கூடுதல் இடம் ஒதுக்குகிறேன்.

முதலில் மழை. மும்பையில் ஜூலை மாதச் சராசரி மழையளவு 800 மில்லிமீட்டருக்கும் மேல். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸ் நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பதிவானது. அன்று சாக்கிநாக்காவில் மலைச்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கும் முன்னர், 2000 ஜூலை 12 அன்று காட்கோபர் ஆசாத் நகரில் குன்று சரிந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்நகரம் கண்ட பெருமழைகளின் வரிசையில் 2021 ஜூலை மழையை வைத்துப் பார்த்தால், அதை 'வரலாறு காணாதது' என்று எந்த வானிலை மாணவரும் சொல்லத் துணிய மாட்டார். கொங்கணக் கரையில் பருவமழை என்பது வடிவமைப்பின்போது எடுத்துக்கொள்ள வேண்டிய இயல்பான சுமை. பாலம் கட்டுபவர், வண்டி வந்ததால் பாலம் விழுந்தது என்று சொன்னால் நாம் ஏற்போமா?

இனி அந்த மழை மண்ணை என்ன செய்கிறது என்று பார்ப்போம். மும்பைக் குன்றுகள் பெரும்பாலும் பசால்ட் முதலான எரிமலைப் பாறைகளால் ஆனவை. வெயிலும் மழையும் காலங்காலமாகச் சிதைத்த பாறை, மேற்பரப்பில் முரம் என்று இங்கே வழங்கப்படும் சரளை மண்ணாகவும் களிமண்ணாகவும் போர்த்திக் கிடக்கிறது. அதன் அடியில் சிதையாத பாறை. கோடையில் இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும். துகள்களுக்கு இடையே எஞ்சியுள்ள சிறிதளவு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்திருப்பதே அதற்குக் காரணம். இந்த உறிஞ்சுவிசை, மண் நனைந்ததும் மறைந்துவிடும். மேலும் நனைந்தால் துளைகளில் நிரம்பிய நீர் துகள்களை விலக்கித் தள்ளத் தொடங்கும். மண்ணின் வலிமை மொத்தச் சுமையைப் பொறுத்ததன்று, நீரழுத்தம் போக மிஞ்சும் சுமையைப் பொறுத்தது என்பதைக் கார்ல் டெர்சாகி 1920களிலேயே நிறுவிவிட்டார். இளங்கலை இரண்டாம் ஆண்டுப் பாடம் இது.

எளிய கணக்கொன்று. 25 பாகை சாய்வுள்ள சரிவு, 34 பாகை உராய்வுக் கோணமுள்ள ஒட்டுதன்மையற்ற மண் என்று கொள்வோம். நீரற்ற நிலையில் பாதுகாப்புக் காரணி, அதாவது சறுக்கலை எதிர்க்கும் விசைக்கும் சறுக்க வைக்கும் விசைக்கும் உள்ள விகிதம், ஏறத்தாழ 1.45. அதே மண் மேற்பரப்பு வரை நீர் நிரம்பி, நீர் சரிவுக்கு இணையாகக் கசியும்போது, ஒரு கன மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடை எனக் கொண்டால் அது ஏறத்தாழ 0.74. ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டால் மண் நிற்காது. சாய்வும் மாறவில்லை, மண்ணும் மாறவில்லை. நீர் ஒன்றே பாதியைத் தின்றுவிட்டது. ஆகவே மார்ச் மாதத்தில் ஒரு சரிவைப் பார்த்து 'உறுதியாக இருக்கிறது' என்று எழுதும் அறிக்கை, ஜூலை மாதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாவது விடை ஆக்கிரமிப்பு. மாநிலக் குடிசைப் பகுதி மேம்பாட்டு வாரியம் 2010-இல் மும்பையில் ஆபத்தான மலைச்சரிவு இடங்கள் 327 எனக் கணக்கிட்டது. அவற்றில் 22,483 குடிசைகள். உடனடியாக இடம் மாற்ற வேண்டியவை 9,657 என்று பரிந்துரைத்தது. அப்படியானால் பாரத் நகர் விழுந்தபோது, சரிவுகளில் ஆபத்து இருப்பது அரசுக்குத் தெரிந்து பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த மக்கள் ஏன் இறங்கிப் போகவில்லை என்று கேட்போர், அவர்களுக்கு இந்நகரம் எங்கே இடம் காட்டுகிறது என்பதையும் கேட்க வேண்டும். தான்சா குடிநீர்க் குழாய்த்தடத்திலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், இதே வாஷி நாக்காவுக்கு அருகே, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டிய மாஹுல் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டன. அப்பகுதியின் காற்று மாசு குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே எச்சரித்திருந்தது. அங்கே வாழ எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் கூற நேர்ந்தது. மேலே சரியும் மலை, கீழே நஞ்சான காற்று. இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவரைச் சட்டமீறியவர் என்று மட்டும் அழைப்பது ஆராய்ச்சி ஆகாது.

இதற்குள் இன்னொரு பொறியியல் உண்மையும் ஒளிந்திருக்கிறது. சரிவின் அடியில் குடியிருப்பவர் அதைக் குலைப்பது உண்டு. வீட்டுத்தரைக்காக மண்ணைச் செதுக்குவது, கழிவுநீரை மண்ணுக்குள் விடுவது ஆகியவை சரிவைப் பலவீனப்படுத்தும். அதை மறுக்கவில்லை. ஆனால் மேலே எழும் சுவர், சாலை, மேடையாக்கிய மனை, திசை திருப்பிய ஓடை ஆகியவையும் அதே சரிவைத்தான் குலைக்கின்றன. முதலாவதை ஆக்கிரமிப்பு என்றும் இரண்டாவதை வளர்ச்சி என்றும் நாம் பெயரிட்டு வைத்திருக்கிறோம். மண்ணுக்கு இந்தப் பெயர்கள் தெரியாது.

மூன்றாவது விடை சுவர். இடம் மாற்ற இயலாத குடிசைகளுக்குத் தாங்குசுவர் என்பதே இந்நகரத்தின் நிலையான வாக்குறுதி. சுவர் மண்ணைத் தாங்கும் என்பது பாதி உண்மை. 3 மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் சமதளமாக நிரப்பிய, மேற்சொன்ன அதே உராய்வுக் கோணமுள்ள மண் காய்ந்திருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 23 கிலோநியூட்டன் தள்ளுவிசை. அம்மண்ணில் நீர் உச்சிவரை தேங்கினால் அது ஏறத்தாழ 57 ஆகிறது, இரண்டரை மடங்கு. வடிகால் படுகையும் நீர்க்கசிவுத் துளைகளும் இல்லாத சுவர், ஒவ்வொரு மழையிலும் தன்னை அறியாமல் அணையாக மாறுகிறது. எல்லைக்காக மட்டும் எழுப்பிய சுற்றுச்சுவர், சரிவின் குறுக்கே நின்று மண்ணும் குப்பையும் சேரச் சேர, எவரும் வடிவமைக்காத தாங்குசுவராகிவிடுகிறது.

2019 ஜூலை 2 அதிகாலையில் மாலாட் பிம்ப்ரிபாடாவில் மாநகராட்சி நீர்த்தேக்கத்தின் சுற்றுச்சுவர் இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது கட்டி முடித்துச் சில ஆண்டுகளே ஆன சுவர். அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 29 அன்று, புனே கோண்ட்வாவில் அகழ்வு நடந்துகொண்டிருந்த மனையை ஒட்டிய குடியிருப்புச் சுவர் விழுந்து, அடியில் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த 15 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர் குடும்பத்தினர். மாலாட், கோண்ட்வா, பாரத் நகர் ஆகிய மூன்று இடங்களிலும் கொன்றது சுவர். இறந்தவர்கள் அனைவரும் சுவரின் கீழ்ப்புறத்தில் இருந்தவர்கள்.

இனி நம் விடைக்கு வருகிறேன். மண் பரிசோதனை அறிக்கை.

மலைச்சரிவில் மனை வாங்கிக் கட்ட முனைபவர் என்ன செய்கிறார்? ஒரு பரிசோதனைக்கூடத்தை அழைக்கிறார். கட்டடம் எழும் பரப்புக்குள் இரண்டு அல்லது மூன்று துளைகள் போடப்படுகின்றன. சம்மட்டி அடிகளின் எண்ணிக்கை குறிக்கப்படுகிறது. பாறை தட்டுப்பட்டதும் துளை நிறுத்தப்படுகிறது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், இத்தனை ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை டன் பாதுகாப்பான தாங்குதிறன் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே மற்றப் பக்கங்கள் எழுதப்படுகின்றன. இதற்கு வழிகாட்டும் ஐ.எஸ். 1892 என்னும் தரநெறி, அதன் தலைப்பே சொல்வதுபோல, அடித்தளங்களுக்கான நிலத்தடி ஆய்வு பற்றியது. மலைச்சரிவு இடர்ப்பகுப்புக்கும் சரிவுக் கட்டுப்பாட்டுக்கும் மலைப்பகுதித் தாங்குசுவர்களுக்கும் இந்தியத் தரநெறிகள் தனியே உள்ளன. எத்தனை பட்டமேற்படிப்பு மாணவர்கள் அவற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்?

'இந்த நிலம் கட்டடத்தைத் தாங்குமா?' என்பது ஒரு கேள்வி. 'இந்த நிலம் இங்கேயே இருக்குமா?' என்பது முற்றிலும் வேறு கேள்வி. கடினப் பாறைமீது அமர்ந்த கட்டடம் உறுதியாக நிற்க, அதற்காக வெட்டித் தள்ளிய மண் கீழ்ச்சரிவில் தளர்ந்து கிடந்து அடுத்த மழையில் ஓடலாம். தாங்குதிறன் அறிக்கையில் அந்த மண் இடம்பெறாது, ஏனெனில் அது மனையின் எல்லைக்கு வெளியே கிடக்கிறது. மனையின் எல்லை என்பது வருவாய்த் துறை வரைந்த கோடு. சறுக்குப்பரப்பு, தனக்கு வசதியான வழியில், மேலுள்ள மனையையும் அரசு நிலத்தையும் கீழுள்ள குடிசையையும் ஊடுருவிச் செல்கிறது. நாம் ஆய்வின் எல்லையை மனையின் எல்லையோடு நிறுத்துவதால், மேலே பணம் கொடுத்தவரின் கட்டடம் ஆராயப்படுகிறது. கீழே உறங்குபவரின் உயிர் ஆய்வெல்லைக்கு வெளியே விழுகிறது. இது தற்செயலான குறை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுக்குக் கட்டணம் செலுத்துபவரே ஆய்வின் கேள்வியையும் தீர்மானிக்கிறார்.

இடரைக் காட்டும் வரைபடங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 முதல் 1:50,000 அளவில் நாடு தழுவிய நிலச்சரிவு ஏதுநிலை வரைபடங்களைத் தயாரித்தது. பெரும்பணி, ஐயமில்லை. ஆனால் அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது களத்தில் 50 மீட்டர். 20 மீட்டர் அகலமுள்ள மனை, வரைபடத்தில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. எந்தக் குன்றை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். அந்தக் குன்றில் எந்த வீடு விழும் என்று அதனால் சொல்ல இயலாது. அதைச் சொல்ல ஒருவர் நடந்து போக வேண்டும்.

நடந்து போனால் எவற்றைக் காண வேண்டும்? உச்சியில் வில்போல் வளைந்த வெடிப்புகள். சாய்ந்து நின்று நுனியில் நிமிர்ந்த மரங்கள். வயிறு தள்ளிய சுவர்கள். மழை நின்ற பின்னும் நாள்கணக்கில் கசியும் ஊற்றுகள். பசால்ட் அடுக்குகளுக்கு இடையே அகப்பட்ட செந்நிறக் களிமண் படுகை. பாறை விரிசல்களில் இறங்கும் நீர் அதன்மேல் தேங்கிப் பக்கவாட்டில் வெளியேறும், ஆகவே அங்கே ஊற்றுக் கண்டால் நிற்க வேண்டும். பழைய சரிவின் தழும்புகள். இவற்றை அடையாளம் காண விலையுயர்ந்த கருவி வேண்டாம். பயின்ற கண்ணும், அங்கே இருபது ஆண்டு வாழ்ந்த ஒரு பாட்டியிடம் 'எந்த இடத்தில் முதலில் தண்ணீர் வரும் பாட்டி?' என்று கேட்கும் பணிவும் போதும். துளைகளும் சோதனைகளும் அதற்குப் பிறகு வருபவை.

நம் ஆய்வேடுகளில் இந்த நடை எத்தனை பக்கம்? மென்பொருளில் ஒரு சரிவை வரைந்து, வெளியான கட்டுரைகளிலிருந்து மண்ணின் பண்பெண்களை எடுத்து, பத்தாயிரம் முறை கணக்கிட்டுச் சரியும் நிகழ்தகவை நான்கு தசம இடங்களுக்குத் தருகிறோம். உள்ளீடு ஊகம், வெளியீடு துல்லியம். என் முதல் கட்டுரையும் இதே வகைதான். நான் ஆராய்ந்த சரிவை மழைக்காலத்தில் நான் பார்த்ததே இல்லை. மதிப்பீட்டாளர்கள் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இப்படித்தான் எங்கும் நடக்கிறது என்று சொல்லித் தப்ப முடியாது. 1972 ஜூன் 18 அன்று ஹாங்காங்கில் ஒரே நாளில் இரண்டு பெருஞ்சரிவுகள். சாவ் மாவ் பிங்கில் சரியாக இறுக்கப்படாத நிரப்புமண் மேடு குழம்பாகிக் கீழிருந்த குடியிருப்பை மூடியது. 71 பேர் இறந்தனர். போ ஷான் சாலையில் கட்டடத்துக்காக அகழ்ந்த சரிவு இடிந்து, கீழே இருந்த அடுக்ககத்தைத் தகர்த்தது, 67 பேர். 1976-இல் சாவ் மாவ் பிங்கில் மீண்டும் சரிவு, 18 பேர். அதன் பின், 1977-இல், சரிவுகளுக்கெனவே ஒரு தனிப் பொறியியல் அலுவலகம் அமைந்தது. செயற்கையாக வெட்டியோ நிரப்பியோ உருவான சரிவுகள் ஏறத்தாழ 60,000 பட்டியலிடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றையும் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என்பதும் பதிவில் இருக்கிறது. 1980களில் அதே அலுவலகத்தார் அங்கீகாரமற்ற குடிசைப் பகுதிகளுக்கும் சென்று, எவரை எங்கிருந்து மாற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தனர். 'ஆய்வு செய்தால் ஆக்கிரமிப்பை அங்கீகரித்ததாகிவிடும்' என்று நம் அலுவலகங்களில் சொல்லப்படும் தயக்கம் அவர்களைத் தடுக்கவில்லை. ஹாங்காங்கில் இன்றும் மழை பெய்கிறது, சரிவுகளும் நிகழ்கின்றன. ஆயினும் எழுபதுகளில் கண்டதுபோன்ற கூட்டுச்சாவுகள் வழக்கமாக நீடிக்கவில்லை.

ஆய்வு மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று நம்மவரிடமே இருக்கிறது. இலங்கையின் ஊவா மாகாணத்தில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டம். அங்கே நிலம் நகரும் ஆபத்து உண்டென்று அந்நாட்டுத் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்தது. 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி, மலையகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்த லயன் வீடுகளைப் புதைத்தது. எச்சரிக்கை சரியாக இருந்தது. போய்க் குடியேற நிலமும் வீடும் இல்லை. எச்சரித்தோம் என்று கோப்பில் எழுதிவிட்டால் கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கத்துக்கு அந்த லயன்கள் பலியாயின. 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலையடிவார வீட்டின்மீது மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தபோது, வல்லுநர் குழு ஆய்வுக்குச் சென்றது, இறப்புக்குப் பின்னர். நம் துறை எப்போதும் பிணங்களுக்குப் பிறகே மலையேறுகிறது.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. முதலாவது, மலைச்சரிவில் எந்தக் கட்டுமான அனுமதிக்கும் ஆய்வின் அலகு மனையாக இருக்கக் கூடாது. உச்சி முதல் அடிவாரம் வரையுள்ள முழுச் சரிவாக இருக்க வேண்டும். கட்டியபின் கீழுள்ளவர்களின் பாதுகாப்புக் காரணி எவ்வளவு மாறுகிறது என்பதை அறிக்கை எண்ணாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஒரு பருவமழைக் காலமேனும் நீர்மட்டமானிகளால் அளந்து, நீர் மிகுந்த நிலைக்கே கணக்கிட வேண்டும். மூன்றாவது, மேலிருந்து வரும் நீரை மறித்து விலக்கும் வடிகாலும் சுவரின் பின்புற வடிகாலும் இல்லாத எந்தச் சுவருக்கும் அனுமதி கூடாது; சரிவின் குறுக்கே நிற்கும் சுற்றுச்சுவர்களையும் தாங்குசுவராகவே கருதிச் சோதிக்க வேண்டும். நான்காவது, சரிவுகளுக்கு எண்ணும் பொறுப்பாளரும் வேண்டும். மேலே அரசு நிறுவனம் இருந்தாலும் தனியார் இருந்தாலும் விதி ஒன்றே. ஐந்தாவது, அறிக்கை கீழே வாழ்பவர்களுக்கு அவர்கள் மொழியில், மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் தமிழிலும், கிடைக்க வேண்டும். ஆறாவது, வெளியேற்றப் பரிந்துரையோடு வாழத்தக்க மாற்றிடமும் அதே கோப்பில் இருக்க வேண்டும். அது இல்லாத பரிந்துரை முழுமை பெற்றதாகாது.

இவற்றுக்குச் செலவாகும் என்பர். ஆகும். ஆயினும் ஒரு கேள்வி. மேலே எழும் கட்டடத்தின் அடித்தளத்துக்குத் துளையிடச் செலவு உண்டு. அதே துளைக்கருவியை முப்பது மீட்டர் கீழே நகர்த்த மட்டும் பணம் இல்லையா?

மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். அடுத்த ஜூனில் உங்கள் ஆய்வுக்குரிய சரிவுக்குக் குடையோடு போங்கள். உச்சியில் நிற்காமல் அடிவாரத்தில், கடைசி வீட்டு வாசலில் நின்று மேலே பாருங்கள். அங்கிருந்து தெரிபவற்றை முதல் இயலாக எழுதுங்கள். அந்த இயலில்லாத ஆய்வேட்டை ஏற்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் சொல்லட்டும். மாநகராட்சி மாறக் காலமாகலாம். நம் கேள்வியை மாற்றிக்கொள்ள எவர் அனுமதியும் தேவையில்லை.